நூற்றைந்தும் ஆயிரத்தைந்தும்



இரண்டாம் வகுப்பிலுள்ள குழந்தைகளிடம் 'நூற்றைந்து' என்று எழுதச் சொன்னால், அவர்களுட் சிலர் 1005 என்று எழுதிக் காட்டுவர். ஆசிரியர் அதன் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பார். 105 என்று பத்துமுறை எழுதி வரச் சொல்வார். குழந்தையும் எழுதி வரும். மறுநாள் 'இருநூற்று மூன்று' என்றதும் 2003 என்று எழுதி நிற்கும். கோடும் வீண், பத்துமுறை எழுதிய உழைப்பும் வீண். 'இவனுக்குக் கணக்கு வராது' என்ற தீர்ப்பு பல பிள்ளைகளுக்கு இத்தகைய ஒரு நாளில்தான் எழுதப்படுகிறது. ஏழெட்டு வயதில் பெற்ற அந்தத் தீர்ப்பை வாழ்நாள் முழுதும் சுமந்து திரிபவர்களை நாம் எல்லோரும் அறிவோம்.

இப்பிழை எங்கிருந்து வருகிறது? அதைக் களைவதற்கு ஆசிரியருக்கு எவற்றைக் கற்பிக்க வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை தேட, நம்மவர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை. தமிழும் மலையாளமும் ஒரே எண்முறையைப் பகிர்ந்துகொண்ட ஊர் அது.

கோட்டைப் பகுதியில் 2022-ஆம் ஆண்டு ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. நிலம், வரி, நிருவாகம் பற்றிய பழைய ஓலைகள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலைச் சார்ந்த மதிலகம் ஆவணங்களோ பல இலட்சம் ஓலைகள். இவ்வகை ஓலைக் கணக்குகளில் எண்களை எழுதிய முறை நம் தாத்தன்மார் கையாண்ட முறையே. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனித்தனிக் குறிகள் உண்டு. மலையாளத்திலும் இவற்றுக்கு நேரான குறிகள் உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு என்பதை ௲௯௱௫௰௬ என்று எழுதினர். வாய் சொன்ன வரிசையிலேயே கை எழுதியது. சுழியத்துக்கு அங்கே வேலையில்லை.

அம்முறையில் நூற்றைந்து எப்படி எழுதப்பட்டது? ௱௫. முதலில் நூறு; அதையடுத்து ஐந்து. இப்பொழுது அந்தக் குழந்தை எழுதிய 1005 என்பதை மீண்டும் நோக்குங்கள். முதலில் 100, அதையடுத்து 5. ஓலைக் கணக்கர் எழுதியதையே அது புதிய இலக்கங்களால் எழுதியிருக்கிறது! காதில் விழுந்த சொல்லுக்கு அது உண்மையாக நடந்துகொண்டது. இலக்கத்தின் மதிப்பு அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்ற உடன்பாட்டைத்தான் எவரும் அதற்கு விளக்கவில்லை.

இன்னொரு முடிச்சும் உண்டு. எண்பது வரையில் 'எட்டுப் பத்து' என்ற பொருள் சொல்லிலேயே ஒலிக்கிறது. அதற்கு மேல் வருவதோ தொண்ணூறு. காதில் விழுவது நூறு. எண்ணூற்றுக்கு அடுத்தது தொள்ளாயிரம். காதில் விழுவது ஆயிரம். மலையாளத்திலும் இதே கதைதான். ஆகவே திருவனந்தபுரத்துக் குழந்தை எந்த மொழி வகுப்பில் அமர்ந்தாலும் இவ்விரண்டு இடங்களில் இடறுகிறது. வாய்மொழியை மட்டும் நம்பினாலும் போதாது, எழுத்தை மட்டும் நம்பினாலும் போதாது என்பதை உணர்ந்த ஆசிரியரே அதற்குக் கை கொடுக்க முடியும்.

பழைய ஆசிரியர் இதை எவ்வாறு கற்பித்தார்? தமிழ்நாட்டில் அவர் திண்ணைப் பள்ளி உபாத்தியாயர். மலையாள நாட்டில் எழுத்தாசான். இரண்டு இடங்களிலும் மணலில் விரலால் எழுதியே பிள்ளைகள் தொடங்கினர். நம் பிள்ளைகளுக்கு உயிர்நூலாக இருந்தது எண்சுவடி. முழு எண்களின் பெருக்கல் வாய்பாட்டோடு அது நிற்பதில்லை. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒன்று. மா 20-இல் ஒன்று. மாகாணி 16-இல் ஒன்று. இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்கிச் சொல்லவும் பிள்ளைகள் பழகினர். முந்திரியில் முந்திரி, அதாவது கீழ்முந்திரி, 1,02,400-இல் ஒரு பங்காகும். நெல்லளவுக்கு நெல்லிலக்கம், நிலத்தின் பரப்புக்குக் குழிமாற்று என்று தனிச் சுவடிகளும் இருந்தன.

இதை வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் என்று தள்ளிவிடுவது நம் காலத்து வழக்கம். வரலாற்றாசிரியர் செந்தில் பாபு இச்சுவடிகளை நெடுங்காலம் ஆராய்ந்து வேறொரு முடிவுக்கு வந்தார். திண்ணைப் பள்ளியில் நினைவாற்றல் என்பது கற்கும் வழிகளுள் ஒன்றாகவே இருந்தது என்பது அவர் துணிபு. மாணவன் கேட்டான், சொன்னான், எழுதினான். முடிவில் தன் எண்சுவடியைத் தானே ஓலையில் எழுதி முடித்தான். அக்கருத்தை நான் பெரும்பாலும் ஒப்புகிறேன். ஆயினும் அம்முறையில் பின்தங்கிய பிள்ளைக்கு என்ன வழி இருந்தது என்று கேட்டால் விடை கசப்பானது. பிரம்பும் சட்டாம்பிள்ளையும் இருந்தனர். காரணம் கேட்டறியும் வழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

இவ்விடத்தில் ஒரு வியப்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதே மலையாள நாட்டில் பதினாறாம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் 'யுக்திபாஷை' என்ற கணித நூலை இயற்றினார். அது சமஸ்கிருதத்தில் அன்றி மலையாளத்தில் எழுதப்பட்டது. கூட்டல், கழித்தல் முதலிய அடிப்படைச் செயல்களிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் காரணம் காட்டிச் செல்வது. கணக்குக்கு யுக்தி சொல்லும் மரபு இந்நாட்டிலேயே இருந்தது. ஆனால் அது ஊர்ப்பள்ளிக் குழந்தையை வந்தடையவில்லை.

கணக்கறிவு அந்நாளில் எவ்வளவு தேவையாக இருந்தது என்பதை உணரத் திருவிதாங்கூர் நாணயத்தைப் பார்த்தாலே போதும். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு சர்க்கார் ரூபாய். ஆரல்வாய்மொழியைக் கடந்து வந்த பிரிட்டிஷ் ரூபாயோ 28 சக்கரமும் 8 காசும் பெறும். நான்கணாவை மாற்ற வேண்டுமானால் 7 சக்கரம் 2 காசு என்று நொடியில் சொல்ல வேண்டும். அளவைகளும் அப்படியே. மலையாளப் பகுதியில் 4 நாழி ஓர் இடங்கழி, 10 இடங்கழி ஒரு பறை. நாஞ்சில் நாட்டிலோ 21 மரக்கால் ஒரு கோட்டை. திவான் ராஜா கேசவதாசர் அமைத்த சாலைக் கடைத்தெருவில் இந்த இரு உலகங்களும் நாள்தோறும் சந்தித்தன. நம் வணிகர்கள் இரண்டையும் மனத்திலேயே மாற்றிக் கணக்கிட்டனர்.

மாற்றத் தெரியாதவன் கதி என்ன? நெல்லாகக் கூலி பெற்ற உழவன் அளப்பவன் சொன்ன எண்ணையே நம்பினான். பாட்டமும் வட்டியும் பிறர் ஓலையில் எழுதியபடி ஆயின. அத்தகையோரின் பிள்ளைகளுக்குப் பாடசாலை வாயிலே அடைபட்டுக் கிடந்தது. கணக்குக் கற்பதற்கு இருந்த தடைகளில் முதல் தடை அதுதான், மற்றவை பிறகு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்துக்கு அண்மையிலுள்ள வெங்ஙானூரில் அய்யன்காளி ஒரு பள்ளி தொடங்கினார். தாம் எழுத்தறியாதவர், எனினும் தம் மக்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று உழவர்களைத் திரட்டி நின்றார். ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியை அவர் அழைத்துச் சென்றதை ஒட்டி அப்பள்ளியே தீக்கிரையாக்கப்பட்டது. ஓர் எண்ணை எழுதக் கற்பதற்கு இவ்வளவு விலை கொடுத்திருக்கிறார்கள்.

அரசின் பக்கம் வருவோம். கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817-இல் விளம்பரப்படுத்தினார். 1834-இல் சுவாதித் திருநாள் மகாராஜா, நாகர்கோயிலில் பள்ளி நடத்திய ஜான் ராபர்ட்ஸ் என்பவரைத் தலைநகருக்கு வரவழைத்து ஆங்கிலப் பள்ளி நிறுவினார். அது 1836-இல் ராஜாவின் இலவசப் பள்ளியாயிற்று. இவை போற்றத்தக்கவை, ஆனால் பள்ளி திறப்பது வேறு, ஆசிரியரை ஆக்குவது வேறு. இதைத் தெளிவாகக் கண்டவர் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ. (திருவிதாங்கூரில் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோ வேறொருவர், இருவரையும் ஒருவராக எண்ணி மயங்குவோர் உண்டு.) நாட்டுப்புற உபாத்தியாயர் மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை, அவ்வூதியத்துக்குத் தகுதியுள்ளவர் எப்படி வருவர் என்று 1826-இல் அவர் எழுதினார், ஆசிரியர்களைப் பயிற்றச் சென்னையில் ஒரு பள்ளி வேண்டும் என்றார். திருவனந்தபுரத்தில் தைக்காட்டிலுள்ள ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தோன்றியது 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான்.

இதற்கிடையே பள்ளிக் கணக்கே மாறிவிட்டது. அச்சுப் பாடநூல்களோடு புதிய இலக்கங்களும் சுழியமும் இடமதிப்பும் வந்தன. ௱௫ என்பது 105 ஆயிற்று. மனிதன் கண்டுபிடித்தவற்றுள் இடமதிப்புக்கு ஈடாகச் சிலவற்றையே சொல்லலாம், அதில் ஐயமில்லை. ஆனால் குழந்தையின் வாயில் இருந்த எண் பழைய எண்ணாகவே இருந்தது, இன்றும் இருக்கிறது. வாய்க்கும் பலகைக்கும் இடையே அன்று விழுந்த இடைவெளியை ஆசிரியரே நிரப்ப வேண்டியவரானார். அப்படி ஓர் இடைவெளி இருக்கிறது என்று அவருக்கு அறிவித்தோர் சிலரே.

அதை அறிவித்தவர்களுள் ஒருவர் கடல் கடந்து நம் நாட்டுக்கே வந்தார். 1939-ஆம் ஆண்டின் இறுதியில், தம் அறுபத்தொன்பதாம் வயதில், இத்தாலியப் பெருமாட்டி மரியா மாண்டிசோரி சென்னை அடையாற்றில் ஆசிரியர் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். முதல் வகுப்பில் ஏறக்குறைய 300 பேர் சேர்ந்தனர். போர் மூண்டதால் ஊர் திரும்ப இயலாமல் 1946 வரை இந்நாட்டில் தங்கி, கோடைக்கானலிலும் சில ஆண்டுகள் வாழ்ந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களை அவர் பயிற்றுவித்தார். அவர் கையாண்ட எண்ணட்டைகளை நேயர்கள் சற்றே மனக்கண்ணில் காணவேண்டும். 100 என்று எழுதிய அட்டை நீளமானது. 10 அதைவிடக் குறுகியது. 5 ஒரே கட்டம். நூற்றைந்து வேண்டுமானால் 100 அட்டையின் மேல் வலக்கோடியில் 5 அட்டையை வைக்கவேண்டும். கடைசிச் சுழியம் மறைந்து 105 தோன்றும். அட்டையைத் தூக்கினால் சுழியம் அங்கேயே இருக்கும். குழந்தை நினைத்த 100-உம் 5-உம் பொய்யாகவில்லை. ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்துகொண்டன. ஓலைக் கணக்கிலிருந்து இடமதிப்புக்கு இதைவிடச் செம்மையான பாலத்தை நான் கண்டதில்லை. இதற்கு வெளிநாட்டுக் கருவி எதுவும் தேவையில்லை. பழைய அட்டைப்பெட்டியும் கத்தரியும் போதும்; பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளும் கூட இருந்தால் சிறப்பு.

பின்னர் நிகழ்ந்த மாற்றங்கள் விரைவானவை. 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்ததை ஒட்டிச் சக்கரம் மறைந்தது. 1956 நவம்பர் முதல் நாள் தென்தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவனந்தபுரத்துத் தமிழர் கேரளத்தின் சிறுபான்மையினராயினர். 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய் நூறு நயாபைசாவாயிற்று. அடுத்த ஆண்டு முதல் மெட்ரிக் எடைகளும் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. பதினாறில் ஒன்றாகிய மாகாணிக்கும் வீசத்துக்கும் கடைத்தெருவில் இடமில்லாமற் போயிற்று. பிள்ளைகளின் சுமை பெரிதும் குறைந்தது என்பது மெய். அதோடு வீட்டில் பெரியவர் மனக்கணக்கும் பள்ளியில் பிள்ளையின் தாள்கணக்கும் தொடர்பற்றுப் போனதும் மெய்யே.

இத்தொடர்பின்மையைப் பிரேசில் நாட்டில் சில ஆராய்ச்சியாளர் அளந்து காட்டினர். ரெசீஃபே நகரச் சந்தையில் தேங்காய் விற்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் ஒருவர் சென்று பத்துக் காய் என்ன விலை என்று கேட்டார். ஒரு காய் 35. சிறுவன் மூன்று காய்க்கு 105 என்றான், இன்னும் மூன்றுக்கு 210, பிறகு 315, முடிவில் 350. முப்பத்தைந்துக்குப் பின்னால் சுழியம் சேர்க்கும் பள்ளி விதி அவனுக்குத் தோன்றவே இல்லை. நான்கு காய்க்கு 140 என்று வாயால் சரியாகச் சொன்னவன், 35-ஐ 4-ஆல் பெருக்கு என்று தாளில் கொடுத்தபோது 200 என்று எழுதினான்! 1985-இல் வெளிவந்த அவ்வாய்வில், சந்தையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு சரியாகச் சொன்ன சிறுவர்கள், தாளில் முப்பத்தேழு பங்கே சரியாகச் செய்தனர். டில்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களிடமும் இதே நிலை காணப்பட்டதாக 2025-இல் மற்றோர் ஆய்வு வெளிவந்தது. சாலைக் கடைத்தெருவைச் சுற்றி வளர்ந்த எவருக்கும் இது புதிய செய்தியன்று.

1991 ஏப்ரல் 18-இல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. எழுத்தோடு எண்ணும் அவ்வியக்கத்தில் அடங்கியிருந்தது. அதன் பின்னர் 1994-இல் மாநிலக் கல்வி ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் திருவனந்தபுரத்தில் அமைந்தது. மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் 1997-இல் திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு வந்தது. வாய்பாட்டை ஒதுக்கிச் செயல்வழிக் கற்றலை அது முன்வைத்தது. பெற்றோர் பலர் கொதித்தெழுந்தனர். பிள்ளைகள் ஆடிப்பாடுகின்றனர், எண்ணும் எழுத்தும் வரவில்லை என்றனர். ஆதரித்தோர், பழைய மனப்பாடத்தின் மேலுள்ள பற்றே இதற்குக் காரணம் என்றனர். இரு சாராரும் ஒரு பொருளைத் தவறவிட்டனர் என்பது என் எண்ணம். விளையாட்டும் வாய்பாடும் கருவிகள். 1005 என்று எழுதிய பிள்ளையிடம் 'எப்படி எழுதினாய், சொல்லு' என்று கேட்டு, அது சொல்லும் விடையைப் புரிந்துகொள்ளும் ஆற்றலே ஆசிரியப் பயிற்சியின் உயிர். அது சில நாள் முகாமில் கைவருவதன்று.

அவ்வாற்றலுக்கு ஆசிரியரின் சொந்தக் கணக்கறிவு ஆழமாக இருக்க வேண்டும். லிப்பிங் மா என்ற சீன அம்மையார் 1999-இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை வருகிறது. ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொல்லி, அதற்கு ஒரு கதையும் புனையச் சொன்னார். அவர் கண்ட அமெரிக்க ஆசிரியர்களில் பாதிக்கும் குறைவானவர்களே சரியான விடை கண்டனர். கதையில் ஏறக்குறைய அனைவரும் தவறினர். அவர்களைவிடக் குறைந்த ஆண்டுகளே படித்திருந்த சீன ஆசிரியர்கள் அனைவரும் சரியாக வகுத்தனர். நம் மொழியில் இக்கதை எவ்வளவு எளிது! ஒன்றே முக்கால் படி அரிசியை அரைப்படியால் அளந்தால் மூன்றரை முறை அளக்கலாம். காலும் அரையும் முக்காலும் தமிழ்க் குழந்தைக்கும் மலையாளக் குழந்தைக்கும் வீட்டுச் சொற்கள். பின்னம் என்ற பெயரை அறியுமுன்னே அவை பழகியிருக்கும். இச்செல்வத்தைப் பயிற்சி வகுப்புகள் போதிய அளவு எடுத்தாள்வதில்லை என்பது என் குறை.

வேறு மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு வேறு முடிச்சுகள் உண்டு. மராட்டியத்தில் இருபத்தைந்து 'பஞ்சவீஸ்'. ஐந்து முன்னே வரும், இருபது பின்னே வரும். வீட்டில் 'இருபத்தைந்து' கேட்டு வளர்ந்த தாராவிப் பிள்ளை அதை 52 என்று எழுதினால் வியப்பதற்கு என்ன இருக்கிறது? 2019-இல் அம்மாநிலத்தின் இரண்டாம் வகுப்புப் பாடநூல், தமிழைப் போலவே இருபதை முன்வைத்து 'வீஸ் பாச்' என்று சொல்லும் முறையையும் காட்டியது. பெரும் விவாதம் எழுந்தது. பாடநூல் கணிதக் குழுவின் தலைவர் மங்களா நார்லிகர், குழந்தைகளின் இடர்ப்பாட்டைக் குறைக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கினார். தமிழ்நாட்டில் கொரோனாக் காலத்து இழப்பை ஈடுசெய்ய 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கி, முதல் மூன்று வகுப்பு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. கேரளத்தில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் பாடநூல் உண்டு. ஆயினும் மலையாளத்தில் 'குணனம்', 'ஹரணம்' என்று பயிற்சியில் கேட்டு வரும் ஆசிரியர், பெருக்கல், வகுத்தல் என்று வகுப்பில் தாமே மாற்றிச் சொல்ல வேண்டியவராகிறார். அவர் சுமை இருமடங்கு.

அத்தகைய ஒரு தமிழ் வகுப்பில் சிறிது நேரம் அமர்ந்திருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆசிரியை ஒரு சிறுமியிடம் அட்டைகளைக் கொடுத்து நூற்றைந்து கேட்டார். அவள் 100-ஐயும் 5-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஆசிரியை ஒன்றும் சொல்லாமல், ஈர்க்குச்சிக் கட்டுகளைக் காட்டி எண்ணச் சொன்னார். சிறுமி எண்ணினாள், அட்டைகளைப் பார்த்தாள், 5-ஐ எடுத்துச் சுழியத்தின் மேல் வைத்தாள்.

"சைபர் எங்கே போச்சு?" என்று கேட்டார் ஆசிரியை.

"போகல்லே, டீச்சர். அடியிலே இருக்கு" என்றாள் அவள்.

அடுத்து ஆசிரியை தொண்ணூறு கேட்டார். சிறுமியின் கை முதலில் நூறு அட்டையை நோக்கித்தான் போயிற்று. பிறகு நின்றது, கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணத் தொடங்கினாள்.